சிறு கண்ணாடித் தொட்டியிற் சிக்லிட் மீன்: இணையும் துணையும்

(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய பேச்சு)



நெல்லைப் பற்றியும் மரக்கறிப் பயிர்களைப் பற்றியும் உங்களோடு பலமுறை பேசியிருக்கிறேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் வயலிலும் தோட்டத்திலும் உள்ளதன்று. வீட்டு விறாந்தையில் வைக்கும் கண்ணாடித் தொட்டியில் உள்ளது. சிக்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த சிறு மீன்களை எவ்வாறு வளர்ப்பது, அவற்றோடு ஒரே தொட்டியில் எந்த மீன்களை விடலாம், எவற்றை விடலாகாது என்பனவே இப்பேச்சின் பொருள்.

விவசாயப் போதனாசிரியன் மீன்தொட்டியைப் பற்றிப் பேசுவானேன் என நீங்கள் கேட்கலாம். பிள்ளைகளின் விருப்பத்துக்காக இன்று கமக்காரர் வீடுகள் பலவற்றிற் கண்ணாடித் தொட்டிகள் வந்துவிட்டன. கடையிற் கண்ணுக்கு அழகாயிருந்த மீன்களையெல்லாம் ஒரே நாளில் வாங்கிவந்து விடுகின்றனர். சில நாட்களில் அவை ஒன்றையொன்று கடித்தும், நீர் நஞ்சாகியும் மடிகின்றன. பிள்ளை அழுகிறது, பணமும் போகிறது. எஞ்சிய மீன் உயிரோடாவது இருக்கட்டும் என்று அதனை ஊர்க் குளத்திற் கொண்டுபோய் விடுவோரும் உளர். இக்கடைசிச் செயல் ஊர் முழுவதற்கும் கேடாக முடியலாம். ஆதலின் இது நம்முடைய விடயமும் ஆகும்.

மேலும், மீன் வளர்ப்புக்கு வேண்டிய அறிவிற் பெரும்பகுதி கமக்காரனிடம் ஏற்கெனவே உண்டு. நிலத்துக்கு ஏற்ற பயிர், பயிருக்கு ஏற்ற இடைவெளி, தலைப்பயிருக்கு ஏற்ற ஊடுபயிர் என்னும் மூன்றையும் நீங்கள் நன்கு அறிவீர்கள். தொட்டியிலும் இதே ஒழுங்குதான். முதலில் நீர்; அந்நீருக்கு ஏற்ற ஓர் இணை; அவ்விணைக்கு ஏற்ற துணை. இவ்வொழுங்கை மாற்றிச் செய்வதனாலேயே பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன. இன்று நான் கூறுவன யாவும் இவ்வொரு கருத்தின் விரிவே ஆகும்.

சிக்லிட் என்பது யாது?

ஆபிரிக்கா, தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, மடகஸ்கார், தென்னிந்தியா, இலங்கை ஆகிய இடங்களில் இயற்கையாக வாழும் ஒரு பெரிய மீன் குடும்பமே சிக்லிட் குடும்பம். இக்குடும்பத்து மீன்கள் இரண்டு நம் நாட்டிலும் இயற்கையாக வாழ்வன. ஒன்று, களப்புகளிற் பிடித்து உண்ணப்படும் பச்சைக் குரோமைட். சிங்களத்தில் இதனைக் கொரலியா என்பர். மற்றையது அதன் சிறிய உறவினமான ஒரேஞ் குரோமைட். சிங்களத்திற் கஹ கொரலியா. உங்கள் குளங்களிலே நிறைந்திருக்கும் திலாப்பியாவும் இக்குடும்பத்ததே. ஆனால் அது நம் நாட்டதன்று. ஆபிரிக்காவிலிருந்து வந்த இனம். உணவு மீனாக 1952ஆம் ஆண்டில் இங்கு கொண்டுவரப்பட்டது.

இக்குடும்பத்தின் தனிச் சிறப்பு குஞ்சு பேணும் இயல்பாகும். பல மீன்கள் முட்டையை இட்டுவிட்டுப் போய்விடும். சிக்லிட் மீனோ கல்லைத் துப்புரவு செய்து முட்டையிடும். செட்டையால் விசிறி அதற்குப் புதுநீர் ஊட்டும். பூஞ்சணம் பற்றிய முட்டைகளை வாயால் அகற்றும். பொரித்த குஞ்சுகளைக் கோழி தன் குஞ்சுகளை நடத்துவது போலக் கூட்டமாக நடத்திச் செல்லும். ஒரேஞ் குரோமைட்டின் குஞ்சுகள் தாய் தந்தையரின் உடலிற் சுரக்கும் வழுவழுப்பான நீரைக் கொத்தி உண்பதும் உண்டு. பிள்ளைகள் இவற்றைத் தம் கண்ணாற் காண்பது நல்ல பாடமாகும்.

ஆயினும் இவ்வழகே தொல்லைக்கும் காரணமாகிறது. குஞ்சைக் காக்கும் மீன் ஓர் இடத்தைத் தனதென்று கொண்டு, அங்கு வரும் எதனையும் துரத்தும். ஆற்றில் துரத்தப்பட்ட மீன் அப்பாற் போய்விடும். இரண்டடித் தொட்டியில் அது எங்கே போகும்? மூலையில் ஒதுங்கி, உணவின்றி, செட்டை கிழிந்து மடியும். துணை மீனைத் தெரிவதில் இத்துணைக் கவனம் வேண்டும் என்பது இதனாலேயே.

தொட்டியின் அளவு

60 சென்ரிமீற்றர் நீளமும், 30 சென்ரிமீற்றர் அகலமும், 30 சென்ரிமீற்றர் உயரமும் உடைய தொட்டி முழுதும் நிறைந்தால் 54 லீற்றர் நீர் கொள்ளும். மணலும் கல்லும் இட்டு, மேலே சிறிது வெளி விட்டால், ஏறக்குறைய 45 லீற்றர் நீரே இருக்கும். சிறிய சிக்லிட் இணை ஒன்றுக்கு இதுவே ஆகக் குறைந்த அளவு எனக் கொள்ளுங்கள். உருண்டைக் கண்ணாடிப் பாத்திரம் எந்தச் சிக்லிட்டுக்கும் ஆகாது.

உயரத்திலும் பார்க்கத் தரைப் பரப்பே முக்கியம். சிக்லிட் மீன் இடம் பிடிப்பது அடித்தரையிலேயே. ஒரே அளவு நீரைக் கொள்ளும் இரு தொட்டிகளில் உயர்ந்து ஒடுங்கியதை விடுத்துத் தாழ்ந்து நீண்டதை வாங்குங்கள். தட்டையான கல் ஒன்று, கவிழ்த்த மண்சட்டித் துண்டு ஒன்று அல்லது இரண்டு, பின்புறத்தில் அடர்ந்த நீர்ச்செடிகள் ஆகியவை வேண்டும். நின்ற இடத்திலிருந்து தொட்டி முழுவதும் ஒரு மீனின் கண்ணுக்குத் தெரியாதபடி இவற்றை அடுக்கினாற் சண்டை பாதியாகக் குறையும்.

நீரும் கல்லும் சேர்ந்த தொட்டியின் நிறை 60 கிலோகிராமுக்கும் மேலாகலாம். ஆட்டமற்ற மேசையில், நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள். மீன் துள்ளி விழாதபடி மூடியும் இடுங்கள்.

நீரை அறிதல்

மண்ணைச் சோதியாது பயிரிடலாகாது என்று நாம் கூறுவதுண்டு. அவ்வாறே நீரை அறியாது மீன் வாங்கலாகாது. நமது பகுதிகளின் நீர் ஒரு தன்மைத்தன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீர் சுண்ணாம்புக் கற்பாறையில் ஊறுவது. ஆகவே வன்மையானது, காரத் தன்மையுடையது. கரையோரக் கிணறுகள் சிலவற்றில் உவர்ப்பும் உண்டு. செறிவாக உரமிடப்படும் தோட்டங்களை அடுத்துள்ள கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதும் ஆய்வுகளாற் கண்டறியப்பட்டதாகும். குடிநீரிலே ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. உங்கள் கிணற்றுநீர் அதற்கு மேற்பட்டதாயின், சேமித்த மழைநீரைச் சரிபாதி கலந்து பயன்படுத்துங்கள். மாரியின் முதல் மழையிற் கூரை கழுவி வரும் நீரை விலக்கிப் பின்வருவதைச் சேமிக்க வேண்டும். மழைநீரைத் தனியே பயன்படுத்துவதும் நன்றன்று. உப்புச்சத்து அற்ற நீர் விரைவில் அமிலமாக மாறிவிடும்.

மலைநாட்டில் ஊற்றுநீர் பெரும்பாலும் மென்மையானது. ஆனால் குளிர் மிகுந்தது. நான் கூறப்போகும் மீன்கள் யாவும் வெப்ப நாட்டின. 25 பாகை செல்சியசுக்குக் குறையாத நீரையே விரும்புவன. நுவரெலியா போன்ற இடங்களிற் சூடாக்கியும் வெப்பமானியும் இன்றி இம்மீன்களை வளர்க்க முயல்வது வீண்செலவே.

குழாய்நீரிற் குளோரீன் உண்டு. அகன்ற வாளியில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்தபின் பயன்படுத்துங்கள். கிணற்றுநீரையும் இரவு முழுதும் வைத்து, மறுநாள் வாளிக்கு வாளி ஊற்றிக் காற்றுப்படச் செய்தபின் பயன்படுத்துவது நல்லது.

தொட்டியைப் பழக்குதல்

யூரியா உரம் மண்ணில் அமோனியாவாகி, பின்னர் நைத்திரைற்றாகி, ஈற்றில் நைத்திரேற்றாவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். மண்ணில் வாழும் பற்றீரியாக்கள் இம்மாற்றத்தைச் செய்கின்றன. தொட்டியில் மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அமோனியாவாகின்றன. அமோனியாவும் நைத்திரைற்றும் மீனுக்குக் கொடிய நஞ்சு. நைத்திரேற்று அத்துணைக் கேடன்று. புதுத் தொட்டியில் இம்மாற்றத்தைச் செய்யும் பற்றீரியாக்கள் போதிய அளவு இல்லை. அவை பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரம் செல்லும். தொட்டி வாங்கிய அன்றே மீனும் வாங்குவோர் தோல்வியடைவது இக்காரணம் பற்றியே.

ஆகவே தொட்டியில் நீரையும் செடியையும் இட்டு, வடிகட்டியை இரவும் பகலும் இயக்கி, இம்மியளவு மீனுணவை நாள்தோறும் இட்டு, மீனின்றியே பழக்குங்கள். நன்கு நடைபெறும் தொட்டியுடைய அயலவரிடம் பழகிய கடற்பஞ்சுத் துண்டொன்றைப் பெற்று உங்கள் வடிகட்டியில் வைத்தால் இக்காலம் குறையும். தயிருக்கு உறை இடுவது போன்றதே இது. நீர்ச் சோதனைப் பட்டிகள் மீன்கடைகளிற் கிடைக்கும். அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லை எனக் கண்டபின்னரே மீனை விடுங்கள். காரத் தன்மையுள்ள நீரில் அமோனியாவின் நஞ்சு இன்னும் கடுமையாகும் என்பதைக் குடாநாட்டு அன்பர்கள் மறத்தலாகாது.

பின்னர் வாரந்தோறும் தொட்டி நீரில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது நாலில் ஒரு பங்கு அகற்றிப் புதுநீர் இடுங்கள். அகற்றிய நீரை வீணாக்காது கத்தரி, மிளகாய் நாற்றுகளுக்கு ஊற்றலாம். அதில் நைத்திரேற்று உண்டு. உப்பு இட்ட தொட்டியின் நீரை மட்டும் பயிருக்கு விடாதீர்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரிற் கழுவாது, அகற்றிய தொட்டி நீரிலேயே அலசுக. குளோரீன் அப்பயனுள்ள பற்றீரியாக்களைக் கொன்றுவிடும்.

இணையைத் தெரிதல்

சிறு தொட்டிக்கு ஏற்ற சிக்லிட் இனங்கள் சிலவற்றை மட்டும் கூறுகிறேன்.

ஒரேஞ் குரோமைட்: நம் நாட்டினது. களப்புகளிலும் கழிமுகங்களிலும் அவற்றை அடுத்த நன்னீரிலும் வாழ்வது. 8 சென்ரிமீற்றருக்கு மேல் வளராது. வன்மையான நீரும் சிறிது உவர்ப்பும் இதற்கு ஏற்றன. ஆதலின் குடாநாட்டிலும் கிழக்குக் கரையிலும் முதலில் எண்ணவேண்டிய மீன் இதுவே. மென்னீர் உள்ள இடத்தில் 10 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு இடலாம். ஆண் பெண் வேறுபாடு எளிதிற் புலப்படாது. ஆகவே ஆறு குஞ்சுகளை வாங்கி வளர்த்து, தாமாகவே இணை சேர்ந்தபின் அவ்விணையை நிறுத்தி ஏனையவற்றைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க முன்னரே பேசிக்கொள்ளுங்கள். இயற்கையில் இது கூட்டமாக வாழ்வது. கூட்டமாகவே வைத்திருக்க விரும்புவோர் நாலடித் தொட்டிக்குக் குறைந்ததை எண்ணலாகாது.

கிரிபென்சிஸ்: மேற்கு ஆபிரிக்காவில் நைஜீரியாவின் தென்பகுதியினது. ஆண் 10 சென்ரிமீற்றர் வரையும், பெண் 7 சென்ரிமீற்றர் வரையும் வளரும். பெண்ணின் வயிறு செர்ரிப் பழம் போலச் சிவந்திருக்கும். ஆகவே இணையை இனங்காண்பது எளிது. கவிழ்த்த சட்டிக்குள் முட்டையிடும். நீர் வேறுபாடுகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குவோருக்கு நல்லது. இதன் குஞ்சுகள் ஆணாவதும் பெண்ணாவதும் நீரின் அமிலத் தன்மையைப் பொறுத்தும் அமையும். அமில நீரில் ஆண்கள் மிகும்.

ராம் சிக்லிட்: தென் அமெரிக்காவில் வெனிசுவேலா, கொலம்பியா நாடுகளின் ஒரினோக்கோ ஆற்றுச் சமவெளியினது. 5 சென்ரிமீற்றர் அளவே உடையது. நீலமும் மஞ்சளும் கலந்த அழகுடையது. ஆனால் மெல்லியது. மென்மையான, சற்று அமிலமான, 27 முதல் 30 பாகை வரை வெப்பமுள்ள, மிகத் தூய நீர் இதற்கு வேண்டும். கடையிற் பலரும் முதலில் விரும்பி வாங்குவதும், முதலில் இறப்பதும் இதுவே. தொட்டி ஆறு மாதம் நன்கு நடந்தபின், மழைநீர் வசதியுள்ளோர் மட்டும் இதனை நாடுக.

சிப்பிவாழ் சிக்லிட்: ஆபிரிக்காவின் தங்கனீக்கா ஏரியினது. வெறும் நத்தை ஓட்டினுள் வாழ்ந்து, அதனுள்ளேயே முட்டையிடுவது. சிக்லிட் குடும்பத்தில் மிகச் சிறியதும் இவ்வினத்துள் ஒன்றே. ஆண் 5 சென்ரிமீற்றரையும் எட்டாது. வன்மையான கார நீர் வேண்டும். மணலையும் பத்துப் பதினைந்து நத்தை ஓடுகளையும் இட்டால், ஒரு சிறு கூட்டமே இரண்டடித் தொட்டியில் வாழும். வேறு மீன் அதற்குத் தேவையில்லை.

ஒரு தொட்டிக்கு இவற்றுள் ஓர் இனமே போதும். நாலிலும் ஒவ்வோர் இணை விட்டாற் பார்வைக்கு நன்றாயிருக்கும் என எண்ணுவது, ஒரே பாத்தியிற் பூசணியையும் வெங்காயத்தையும் நெருக்கி நடுவது போலாகும்.

துணையைத் தெரிதல்

இனி முதன்மையான விடயத்துக்கு வருவோம். ஒரு மீனை உங்கள் இணைக்குத் துணையாக விடுமுன் ஐந்து வினாக்களை வினவுங்கள்.

முதலாவது, அது எந்த மட்டத்தில் வாழ்வது? சிக்லிட் தரையைக் கொள்ளும். துணை மீன் நடுநீரிலோ மேற்பரப்பிலோ வாழ்வதாயிருக்க வேண்டும். ஆழ வேரோடும் பயிரிடையே மேல்வேர்ப் பயிரை ஊடாக நடும் முறையும் இதுவே.

இரண்டாவது, அதற்கும் அதே நீரும் அதே வெப்பமும் ஏற்குமா? மென்னீர் மீனையும் வன்னீர் மீனையும் ஒன்றாக விட்டால் ஏதேனும் ஒன்று நாள்தோறும் வாடும்.

மூன்றாவது, முழு வளர்ச்சியில் அதன் அளவென்ன? கடையிற் காணும் மீன் குஞ்சாகும். சிக்லிட்டின் வாய்க்குள் அடங்குவதும் ஆகாது. அதனைவிடப் பெரிதாவதும் ஆகாது.

நான்காவது, அதன் குணமென்ன? செட்டையைக் கடிப்பதோ, மிக நீண்ட செட்டையுடையதோ, தானும் இடம் பிடிப்பதோ ஆகாது.

ஐந்தாவது, அது தனித்து வாழ்வதா, கூட்டமாக வாழ்வதா? கூட்ட மீனை ஒன்றிரண்டாக விட்டால் அது அஞ்சி ஒடுங்கும். ஆறுக்குக் குறைய விடாதீர்கள். ஆறு மீனுக்கு இடமில்லையெனின் அவ்வினமே வேண்டாம்.

இவ்வினாக்களின்படி பார்த்தால், ஒரேஞ் குரோமைட்டுக்கு மேற்பரப்பில் வாழும் மீன்களே ஏற்றன. நமது வாய்க்கால்களில் நீர்மட்டத்தை ஒட்டி நின்று, தலையில் வெள்ளிப் பொட்டு மின்ன, நுளம்புக் குடம்பிகளைப் பிடித்துண்ணும் சிறு மீனை நீங்கள் கண்டிருப்பீர்கள். அப்லோகைலஸ் என்னும் அவ்வினம் சிறிது உவர்ப்பையும் தாங்கும். வளர்ந்த இணைக்கு அது நல்ல அயலவன். ஆயின் மேலே வந்த குஞ்சுகளை உண்ணும். குஞ்சு வளர்க்க விரும்புவோர் அதனையும் தவிர்க்க. கப்பி மீனும் வன்னீருக்கு ஏற்றதே. குறுகிய வாலுடைய வகையைத் தெரிக. நீண்ட வாலுடையது கடிபடும்.

கிரிபென்சிசுக்கு நடுநீரில் கூட்டமாக நீந்தும் ஹார்லிகுயின் ரஸ்போராவோ, செர்ரி பார்போ எட்டு விடலாம். செர்ரி பார்ப் நம் நாட்டின் தென்மேற்கு ஈரவலயத்து நீரோடைகளுக்கே உரியது. உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. 1929ஆம் ஆண்டில் தெரணியகலை அவர்கள் இதனை அறிவியலுலகுக்கு அறிமுகஞ் செய்தார். 5 சென்ரிமீற்றர் அளவான சாதுவான மீன். பண்ணையில் இனம் பெருக்கியதையே வாங்குக. ஓடையிற் பிடித்ததை வாங்காதீர்கள். உள்நாட்டு மீன்கள் பலவற்றுக்கு நாட்டின் சட்டப் பாதுகாப்பும் உண்டு.

ராம் சிக்லிட்டுக்கு அதே வெப்பத்தையும் மென்னீரையும் விரும்பும் கார்டினல் ரெற்றா எட்டு அல்லது பத்து ஏற்றது. குளிரை விரும்பும் பொன்மீன் ஒருபோதும் ஆகாது.

தவிர்க்கவேண்டியவற்றையும் கூறிவிடுகிறேன். புலிப் பார்ப் செட்டை கடிக்கும். ஏஞ்சல் மீனும் ஒஸ்காரும் சிக்லிட்டுகளே. ஒன்று 15 சென்ரிமீற்றர் வளரும், மற்றையது 30 சென்ரிமீற்றரையும் தாண்டும். தொட்டி துப்புரவாக்கும் மீன் என்று விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளிறு விரலளவிற் கிடைப்பினும் பின்னர் முழங்கை நீளம் வளரும். துப்புரவாக்குவதிலும் பார்க்கக் கழிவையே மிகுதியாக்கும். தரையில் மேயும் கொரிடோரஸ் கெளிறு சாதுவானது. ஆயினும் சிக்லிட் முட்டையிட்டபின் இரவிலும் தரையிலே தடவித் திரிவதனாற் கடிபட்டுக் கண்ணை இழப்பதுண்டு. இரண்டடித் தொட்டியில் வேண்டாம்.

வெங்காயச் செய்கையாளர் ஒருவர் வீட்டில் நான் கண்டதை இங்கு கூறுவது பயன்தரும். இரண்டடித் தொட்டியிற் கிரிபென்சிஸ் இணையோடு புலிப் பார்ப் நாலும், கொரிடோரஸ் மூன்றும், உறிஞ்சுவாய்க் கெளிறு ஒன்றும் இருந்தன. சில மாதங்கள் அமைதியாயிருந்தது. பெண் மீன் சட்டிக்குள் முட்டையிட்ட வாரத்தில் அத்தனையும் தொட்டியின் ஒரு மூலையில், நீர்மட்டத்தின் அருகே குவிந்து நின்றன. கொரிடோரஸ் இரண்டு இறந்துவிட்டன. 'நோய் வந்துவிட்டது, மருந்து கூறுங்கள்' என்று அவர் கேட்டார். நோய் ஏதுமில்லை; இடமே இல்லை. இணையை மட்டும் விட்டு ஏனையவற்றைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த முறை பொரித்த குஞ்சுகளை அவருடைய மகள் எண்ண முயன்று எண்ண முடியாது விட்டாள். பின்னர் ஹார்லிகுயின் எட்டு மட்டும் சேர்த்தார். அவை மேலே நின்றன, இணை கீழே நின்றது.

ஒரு மீன் எப்பொழுதும் மூலையில் நின்றால், உண்ண வராவிட்டால், செட்டை கிழிந்திருந்தால், அடுத்த நாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். அன்றே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். மருந்து கடைசியாகவே எண்ணத்தக்கது.

உணவு

நாளுக்கு இருமுறை, இரண்டு நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவே இடுக. வாரத்தில் ஒரு நாள் உணவின்றி விட்டாலும் குறைவில்லை. நறுக்கிய மண்புழுவும் நுளம்புக் குடம்பியும் நல்ல உணவு. ஆயினும் குடம்பிக்கென்று வளவில் நீர் தேக்கி வைக்காதீர்கள். டெங்கு நுளம்பு பெருகும், சட்டப்படி குற்றமும் ஆகும். நச்சு மருந்து தெளித்த தோட்டத்து மண்புழுவையும் விலக்குக.

கமத்தொழில் நஞ்சு

பூச்சிகொல்லிகளுட் சில மனிதருக்கு ஓரளவு குறைந்த நஞ்சாயினும் மீனுக்குக் கொடியன. சைபர்மெத்ரின், பெர்மெத்ரின் முதலியன மிகச் சிறிதளவிலும் மீனைக் கொல்லும். செப்புச் சேர்ந்த பூஞ்சணக்கொல்லியும், சிறப்பாக மென்னீரில், மீனுக்குக் கேடு. மருந்து தெளித்துவிட்டு வந்து, குளித்து உடைமாற்றாமல் தொட்டியிற் கைவைக்காதீர்கள். தெளிகருவிக்குப் பயன்பட்ட வாளியைத் தொட்டிக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். தொட்டிக்கென்று தனி வாளி வேண்டும். வயல் வாய்க்கால் நீரை இடாதீர்கள். தொட்டி இருக்கும் அறையில் நுளம்பு மருந்து அடிக்கும்போது மூடிக்கு மேல் துணி போர்த்து, காற்றூட்டியை நிறுத்தி, அறை நன்கு காற்றாடியபின் இயக்குங்கள். தொட்டி மீனைக் கொல்லும் துளி வாய்க்காலில் உள்ள மீனையும் கொல்லும் என்பதையும் இதனூடே எண்ணிப் பார்ப்பீர்களாக.

குளத்தில் விடாதீர்கள்

1939ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த சல்வீனியா என்னும் நீர்க்களை பின்னர் வயலையும் வாய்க்காலையும் மூடியதைப் பெரியோர் அறிவர். மீனிலும் இவ்வாறே நேர்ந்துள்ளது. அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட கத்தி மீனும், நான் முன்னர் கூறிய உறிஞ்சுவாய்க் கெளிறும், தொட்டிகளிலிருந்து வெளியேறி இன்று நம் நாட்டு நீர்நிலைகளிற் பரவியுள்ளன. கத்தி மீன் சிறு மீன்களை உண்டு வாழ்வது. குளத்தில் ஒருமுறை பெருகிய மீனைப் பின்னர் எவராலும் பிடுங்கி எறிய முடியாது. அது வயற்களை அன்று.

ஆகவே வேண்டாத மீனைக் கடைக்கோ வேறு வளர்ப்பவருக்கோ கொடுங்கள். இயலாதெனின் தனிப் பாத்திரத்தில் வைத்திருங்கள். தொட்டியின் செடிகளையும் வாய்க்காலில் எறியாது வெயிலில் உலர்த்திப் பசளைக் கிடங்கில் இடுங்கள். வாங்குமுன் 'இது வளர்ந்தால் என்ன செய்வேன்' என்று வினவுவோருக்கு இவ்விக்கட்டு நேராது.

முடிவாகச் சில

அன்பர்களே, இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துக் கொள்வோம்.

1. முதலில் நீரைச் சோதியுங்கள்.
2. தொட்டியை மீனின்றி நாலு முதல் ஆறு வாரம் பழக்குங்கள்.
3. நீருக்கு ஏற்ற ஒரே ஓர் இனத்தின் இணையைத் தெரியுங்கள்.
4. இணை அமைதியாக வாழ்வதைக் கண்டபின், மேல்மட்டத்தில் வாழும் ஒரே ஓர் இனத் துணையைச் சேருங்கள், ஐயமிருப்பின் சேர்க்காதீர்கள்.
5. வாரந்தோறும் நீர் மாற்றுங்கள். உணவைக் குறைத்தே இடுங்கள்.
6. நச்சு மருந்துப் பாத்திரத்தைத் தொட்டிக்கு அண்டவிடாதீர்கள்.
7. எந்த மீனையும் செடியையும் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள்.

குஞ்சுகளை விற்று வருவாய் பெறலாமா எனச் சிலர் கேட்பர். அலங்கார மீன் வளர்ப்பு இந்நாட்டில் ஒரு தொழிலாகவும் ஏற்றுமதியாகவும் நடைபெறுகின்றது. ஆயினும் ஒரு தொட்டியைக் கொண்டு அதனைக் கணக்கிடாதீர்கள். ஓர் இணையை ஓராண்டு இழப்பின்றி வளர்த்துக் காட்டியவரே அதனை எண்ணத் தக்கவர். அத்தகையோர் நக்டா எனப்படும் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் அலுவலர்களை நாடி ஆலோசனை பெறுக.

நெருக்கி நட்ட வயல் பச்சையாகத் தோன்றும். கதிர் பிடிப்பதோ அளவாக நட்ட வயலே. உங்கள் பிள்ளையின் தொட்டியில் மீன் குறைவாக இருக்கட்டும். இருப்பவை நெடுநாள் வாழட்டும்.